டிஸ்ப்ளே மங்கினால் மீட்டரையே கண்டம் செய்வதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஸ்டாக் எடுக்கும்போது 'கண்டம்' (இனி உதவாது, கழித்துவிடலாம்) என்று எழுதி ஓரங்கட்டும் சாமான்களில், வோல்டேஜ், கரன்ட் போன்றவற்றை அளக்கும் பழைய மேசை மல்டிமீட்டர்களும் சேர்ந்துவிடுகின்றன. என்ன கோளாறு என்று கேட்டால் "நம்பர் தெரியல சார்" என்பார்கள். நம்பர் தெரியாதது உண்மைதான், ஆனால் அளக்கிற பகுதிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கருவி பழுதுபார்க்கிறவன் நான், நல்ல மீட்டர் எடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எச்பி நிறுவனத்தின் 34401ஏ மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த, நுணுக்கமாக அளக்கும் ஆறரை இலக்க மீட்டர், நிறுவனத்தின் பெயர் அஜிலென்ட், கீசைட் என்று மாறிய பிறகும் விற்பனையில் இருந்தது. அதில் நீலப்பச்சையாக எரிவது எல்இடியோ எல்சிடியோ அல்ல, விஎஃப்டி எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய், வீடியோ கேசட் ஓட்டும் பழைய விசிஆரின் கடிகாரத்தில் இருந்த அதே வகை. உள்ளே மெல்லிய இழைகள் சூடாகி எலெக்ட்ரானை வெளியிட, அது மோதும் இடத்தில் பாஸ்பர் என்ற பூச்சு ஒளிர்கிறது. நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருந்தால் இழையும் பாஸ்பரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத்தான் செய்யும்.

புது டிஸ்ப்ளேக்கு அலையும் முன் ஒன்று பாருங்கள். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே மீட்டரை ஆன் செய்தால் எல்லா எழுத்தும் குறியும் எரிந்தபடி நிற்கும். எப்போதாவது எரிகிற குறிகள் பளிச்சென்று இருந்து, தினமும் எரிகிற பாகங்கள் மட்டும் மங்கியிருந்தால் பாஸ்பர் தேய்ந்துவிட்டது, குழாயை மாற்றத்தான் வேண்டும். எல்லாமே ஒரே சீராக மங்கல் என்றால் அவசரப்படாதீர்கள். இழைக்குப் போகும் வோல்டேஜையும் டிஸ்ப்ளேக்கான சப்ளையையும் அளந்து பாருங்கள், மின்னேற்றத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஏதாவது ஒன்று காய்ந்துபோயிருக்கலாம், அப்படியானால் சில ரூபாயில் வேலை முடிந்தது. இழை வோல்டேஜைக் கூட்டிவிட்டு 'சரியாயிடுச்சு' என்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் பளிச்சென்று எரியும், அப்புறம் இழையே போய்விடும்.

குழாய் மாற்றுவதில் கஷ்டம் பழையதைக் கழற்றுவதுதான். முழுசாகப் பிடுங்கப் பார்த்தால் போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். பழைய குழாய் எப்படியும் வீண்தானே, கால்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு மிச்சத்தைச் சால்டர் உருக்கி எடுப்பது நல்லது. புதுக் குழாயில் காற்றை உறிஞ்சி அடைத்த சின்னக் கண்ணாடி முனை இருக்கும், அது உடைந்தால் காற்று புகுந்து, உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் பூச்சு வெளுத்துப்போகும், குழாய் குப்பைக்குத்தான். பழைய மீட்டரில் கழற்றியதைப் 'புதுசு' என்று விற்பவர்களும் உண்டு, எரிய வைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். குழாய் கிடைக்காவிட்டால் ஓஎல்இடி திரையைப் பொருத்தும் வழியை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பழைய நிறம் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் வருந்தட்டும், எனக்கு நம்பர் தெரிந்தால் போதும்.

'திறந்தால் காலிபரேஷன் போய்விடும்' என்ற பயம் கல்லூரிகளில் அதிகம். காலிபரேஷன் என்பது அளவு சரியாக வருவதற்காகக் கருவியில் பதிந்துவைத்த திருத்த எண்கள்தான். 34401ஏ-யில் அந்த எண்கள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன, டிஸ்ப்ளே மாற்றுவதால் போகாது. எச்பி 3478ஏ மாதிரி இன்னும் பழைய மீட்டரில்தான் ஒரு லித்தியம் பேட்டரி அவற்றைக் காப்பாற்றுகிறது, அதைக் கழற்றினால் போச்சு, அங்கே கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வேலை முடிந்ததும் ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கல்லூரியில் இதையெல்லாம் விளக்கியபோது, "புது மீட்டர் வாங்க நிதி இருக்கு, உதிரிபாகம் வாங்க பட்ஜெட்டில் தலைப்பு இல்லை" என்றார்கள். இதற்கு என்ன சொல்வது! 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது, அது செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம், விவசாயக் கருவி என்ற துறைகளுக்கானது. ஆய்வகக் கருவிகளை யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை.

கண்டம் பட்டியலில் கையெழுத்துப் போடும் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதுவதை ஏற்காதீர்கள், எந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். ஆய்வக உதவியாளர்களுக்கும் ஒன்று. 34401ஏ-யின் மெனுவிலேயே டிஸ்ப்ளேயை அணைத்துவைக்கும் வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் இணைத்து ராத்திரி முழுக்க ஓடவிடும்போது அதை அணைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு கருவி பழுதுபார்ப்பவர்,
கோயம்புத்தூர்