மீன் பொரிகிற சத்தம்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் "வேலை எப்படியடா?" என்று கேட்பீர்கள். நான் "பரவாயில்லை அப்பா" என்பேன். உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். இந்த ஒன்பது மாதமாக நம் பேச்சு இவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இன்றைக்கு இங்கே மைனஸ் 18. இரும்பைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்றில் பட்டறைத் தகரம் கொதிக்கும்போது நான் முணுமுணுத்ததெல்லாம் ஞாபகம் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

புதுக் கம்பனியில் மாடிப்படியும் கைப்பிடி வேலியும் செய்கிறோம். முதல் நாள் "பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவின் பட்டறையில் வெல்டிங் செய்தவன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். போர்மன் தலையாட்டிவிட்டு மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். ஒரு முகமூடி, ஒரு வெல்டிங் துப்பாக்கி, ஒரு பிளாஸ்டிக் துண்டு. முகமூடிக்குள் இரண்டு சின்னத் திரைகள். போட்டுக்கொண்டு பார்த்தால் பிளாஸ்டிக் இரும்பாகத் தெரிகிறது. விசையை அழுத்தினால் பொறி பறக்கிறது, உருகிய இரும்பு தேங்கி நகர்கிறது. சூடு மட்டும் இல்லை.

துப்பாக்கி எந்தச் சரிவில் இருக்கிறது, தகட்டிலிருந்து எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று அந்தப் பெட்டி நொடிக்கு நொடி அளக்கிறது. முடிந்ததும் கோடு போட்டுக் காட்டிப் புள்ளியும் தருகிறது. எனக்கு 100க்கு 43! சரிவு நல்லது, தூரம் பரவாயில்லை, கடைசி இரண்டு அங்குலத்தில் வேகம் கூடிவிட்டதாம். நீங்கள் என் பிடரியில் தட்டி, "முடிக்கிற அவசரத்தில ஓடாதை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். அதே பிழையைக் கனடாவில் ஒரு பெட்டி கண்டுபிடித்துவிட்டது.

அன்று பின்னேரம் வரை அறுபது தரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன். கம்பி செலவில்லை, வாயு செலவில்லை, தகடும் அப்படியே இருந்தது. நம் பட்டறையில் ஒரு ரொட்டை, அந்த ஒட்டுகிற கம்பியை, வீணாக்கினால் உங்கள் முகம் மாறிவிடும். 2022இல் சாமான் விலை ஏறி, கரண்டும் நாளில் 13 மணித்தியாலம் வரை இல்லாமல் போனபோது, கரண்ட் வந்த நேரத்தில் என்னை ஹோல்டரைத் தொடவே விடவில்லை. உங்களில் பிழை சொல்லவில்லை அப்பா. வாடிக்கையாளரின் படலையில் நான் எப்படிப் பழகுவது? ஆனால் பயந்த கை நடுங்கும். அந்தப் பயம் இல்லாமல் அறுபது தரம் பிழை விட்ட பிறகுதான் என் கை நின்றது.

பயிற்சி தருபவர் கதைப் பிரியர். இந்த யோசனை விமானத்திலிருந்து வந்தது என்றார். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, 1929இல் ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே நிலத்தில் நின்றபடி ஆடும் ஒரு பொய் விமானத்தைச் செய்தாராம். முதலில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1934இல் தபால் கொண்டுபோன இராணுவ விமானிகள் மோசமான காலநிலையில் விழுந்து செத்த பிறகுதான் இராணுவம் வாங்கியது. பிறகு உலகப் போரில் ஏராளமான விமானிகள் அதில் பழகினார்கள். எனக்கு உடனே நம் திருகோணமலைச் சீனக்குடா விமான ஓடுபாதைதான் நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் அங்கே வந்து இறங்கியவர்களில் எத்தனை பேர் முதலில் இந்தப் பெட்டியில் ஆடியிருப்பார்களோ!

ஆனால் பெட்டியை நம்பி ஏமாறவும் கூடாது. என்னோடு சேர்ந்த ஒரு பொடியன் அதில் 95 எடுத்தான். உண்மையான படிக்கட்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்து, பொறி கழுத்துக்குள் விழுந்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். துருப்பிடித்த தகடு, இடைவெளி சரியில்லாத மூட்டு, இதெல்லாம் பெட்டிக்குள் எங்கே? இங்குள்ள வெல்டிங் சான்றிதழ்ச் சோதனையும் உண்மை இரும்பில்தான். ஒட்டிய தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி வளைப்பார்கள், வெடித்தால் தோல்வி. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் திரும்பவும் செய்துகாட்ட வேண்டும். நான் போன மாதம் சித்தியடைந்தேன். அம்மாவிடம் சொல்லுங்கள், பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்கலாம்.

முன்பு வேலை செய்த களஞ்சியத்தில் பயிற்சி என்றால் கொம்பியூட்டரில் வீடியோ. இரசாயனப் போத்தல், தீயணைப்பு, பாரம் தூக்குவது எல்லாம் ஒரே நாளில். அரைத் தூக்கத்தில் "அடுத்தது, அடுத்தது" என்று அழுத்தினேன். சான்றிதழ் வந்தது, மூளையில் ஒன்றும் நிற்கவில்லை. இங்கே அது கொஞ்சம் பரவாயில்லை. காலையில் போனில் மூன்றே கேள்வி. பிழைவிட்ட கேள்வி இரண்டு நாளில் திரும்ப வரும், பிறகு ஒரு கிழமையில் வரும். மறக்கப்போகிற நேரம் பார்த்து வந்து தட்டுகிறது.

ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சதுரக் குறி ஒட்டியிருக்கிறது. போனைக் காட்டினால் சின்ன வீடியோ ஓடும், தமிழ் எழுத்தும் வரும். அந்தத் தமிழை நீங்கள் பார்க்க வேண்டும்! உருகிய இரும்பு தேங்குவதை இங்கிலீசில் "பூல்" என்பார்கள், அதை "உருகிய நீச்சல் குளத்தைக் கவனிக்கவும்" என்று போட்டிருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அதைத் திருத்தித் தரச் சொல்லி இப்போது என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இங்கே ஒரு போர்த்துக்கீசக் கிழவர் இளைப்பாறப் போகிறார். அவருடைய முகமூடியில் கமரா பொருத்தி இரண்டு கிழமையாகப் படம் எடுக்கிறார்கள். "ஏன் அந்த இடத்தில் கையை மெதுவாக்கினீர்கள்?" என்று கேட்டால் அவர் முழிக்கிறார். யோசித்துவிட்டு, "சத்தம் மாறிச்சு" என்றார்.

நீங்களும் அதைத்தானே சொல்வீர்கள், எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம் வரவேண்டும் என்று. பெட்டியிலும் சத்தம் இருக்கிறது, ஆனால் றேடியோவில் மழை பெய்கிற மாதிரி.

தம்பியிடம் சொல்லி, நீங்கள் அடுத்து படகு எஞ்சின் கட்டைக்கு ஒட்டும்போது போனில் பதியச் சொல்லுங்கள். படம் தேவையில்லை, வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும். சரியான சத்தம் கொஞ்சம், பிறகு வேண்டுமென்றே ரொட்டைத் தூக்கி, பிழையான சத்தமும் கொஞ்சம். அந்தப் பிழையை உங்களோடு நிற்கிற கிண்ணியாப் பொடியன் செய்யட்டும். இரண்டு ரொட் வீணாகும், அதன் காசை நான் அனுப்புகிறேன்.

அன்பு மகன்