வெறும் புகையிலையும் ஆபத்துதான்

ஆசிரியருக்கு வணக்கம். மதுரையில் குட்கா மூட்டைகள் பிடிபட்ட செய்தியை வாசித்தேன். தமிழகத்தில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. அது சரி, ஆனால் வெற்றிலையோடு அடக்கும் புகையிலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. புகை இல்லாவிட்டாலும் அதிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்கள் வாயின் உட்தோல் செல்களில் மரபணுவைச் சிதைக்கின்றன. சரியாகாத சிதைவுகள் சேரும்போதுதான் புற்றுநோய் முளைக்கிறது.

மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கிய என் சித்தப்பா, பசி தெரியாமலிருக்க 30 வருடம் புகையிலை அடக்கினார். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்தது. வலி இல்லையே என்று விட்டுவிட்டார். கடைசி மாதங்களில் கஞ்சிகூட இறங்கவில்லை. அந்தத் திட்டை அப்போதே யாராவது டார்ச் அடித்துப் பார்த்திருக்கக் கூடாதா? மாநகராட்சி மாதம் ஒருமுறை, லோடு இறக்கி முடியும் காலை வேளையில், சந்தையிலேயே பல் மருத்துவரை வைத்து வாய்ப் பரிசோதனை நடத்த வேண்டும்.

- வாசகர், ஒத்தக்கடை