கேமரா யார் வீட்டுக்குள் போகிறது?

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து வந்தால் டிவிதான் துணை. அங்கே என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். டிவி நாடகங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன என்று இந்த ஊர்க்காரர்கள் போடும் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் ஊரில் எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரசியல் செய்தியில் இருக்கும், சீரியலில் குடும்பச் சண்டை இருக்கும். பிரிட்டனில் அது தலைகீழ். டிவி செய்தி ஒரு பக்கம் சாயக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆஃப்காம் என்ற அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. நாடகத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் ஜனங்களின் கோபம் அங்கேதான் திரும்புகிறது. பிபிசி நாடகம் என்றால் இன்னும் கூடுதல் கோபம். டிவி பார்க்கும் வீடுகள் அதற்கு உரிமக் கட்டணம் கட்டுகின்றன, 2025-இல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு. என் காசை வாங்கிக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறார்களா என்பதுதான் பேச்சு.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார்: "முதல் பத்து நிமிடத்தில் ஒருவன் பேசும் அரசியலைக் கேட்டாலே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன். பணக்காரத் தொழிலதிபர், பழைய கட்சிக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், இவர்களில் ஒருவர்தான்." பக்கத்து மேசைப் பெண்ணுக்கு நேர் எதிர்க் குறை. போலீஸ்காரரை எப்போதும் நல்லவராகவே காட்டுகிறார்கள், மாளிகையில் வாழ்ந்த பிரபுக்களைப் பார்த்து ஏங்க வைக்கிறார்கள் என்கிறார். இரண்டு பேரும் திட்டுவது ஒரே சேனலை.

எனக்கு முதலாமவர் சொல்வதில் பாதி நியாயமாகப் படுகிறது. கருத்தை வைத்தே வில்லனைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் எழுதியவர் உழைக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் சாய்வு வசனத்தில் மட்டும் இருப்பதில்லை, அப்பா. கேமரா யார் வீட்டுக்குள் போகிறது, யார் அழும்போது முகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கடைசிப் பேச்சு யாருக்குக் கிடைக்கிறது, எல்லாமே ஒரு பக்கம் எடுப்பதுதான். பக்கமே எடுக்காத நாடகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய நாடகம் ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் ஐடிவி என்ற சேனலில் நாலு பகுதியாக வந்த 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. இங்கே சப் போஸ்ட்மாஸ்டர் என்றால் பெரும்பாலும் கடையோடு சேர்த்துத் தபால் கவுண்டர் நடத்துகிறவர். 1999-இலிருந்து அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. அதில் இருந்த பிழையால் பணம் குறைவதுபோலக் காட்டியது. நிர்வாகம் மென்பொருளை நம்பியது, ஆட்களை நம்பவில்லை. திருட்டு, பொய்க் கணக்கு என்று 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆலன் பேட்ஸ் என்ற சப் போஸ்ட்மாஸ்டரும் மற்றவர்களுமாக 555 பேர் வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் கோளாறு இருந்தது என்று 2019-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் நாடு அசையவில்லை. நாடகம் வந்து சில நாட்களிலேயே அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் புதுச் சட்டம் அறிவித்தார், மே மாதம் அந்தத் தண்டனைகள் சட்டத்தின் மூலம் ரத்தாகின.

அந்த நாடகம் ஒரு பக்கம்தான் நின்றது. கேமரா சப் போஸ்ட்மாஸ்டர்களின் வீட்டுக்குள் போய் அவர்களோடு உட்கார்ந்தது. எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. உண்மை ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது, யாரும் நின்று பிரசங்கம் செய்யவில்லை.

2025-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்' வேறு மாதிரி. கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாக பதின்மூன்று வயதுப் பையனைக் கைது செய்கிறார்கள். அவன் அப்பாவைக் குடிகாரராகவோ கொடுமைக்காரராகவோ காட்டியிருந்தால் நாமும் சுலபமாகப் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்போம். அவர் குழாய் வேலை செய்யும் சாதாரண மனிதர், பிள்ளைமேல் பாசம் உள்ளவர். அதனால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அப்புறம் பிரதமர் ஸ்டார்மர் அதைப் பள்ளிகளில் இலவசமாகக் காட்டும் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல நாடகத்தை அரசாங்கம் மருந்துபோல எடுத்து நீட்டினால், என்னோடு வேலை செய்யும் அந்த நண்பரைப் போன்றவர்கள் பார்க்காமலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித்தான் அவரும் செய்தார்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1966-இல் வீடில்லாத ஒரு குடும்பத்தைப் பற்றி பிபிசி 'கேத்தி கம் ஹோம்' ஒளிபரப்பியபோதே, கதையா ஆவணமா என்று கேள்வி எழுந்தது. நாடகம் என்ற பெயரில் பிரச்சாரம் என்றவர்களும் இருந்தார்கள்.

அந்த போஸ்ட் ஆபீஸ் நாடகம் எங்கேயாவது கிடைத்தால் பாருங்கள். ராத்திரி கணக்கு டாலி ஆகாமல் ஒரு பெண் கணினி முன்னால் தவிக்கும் காட்சி வரும். இத்தனை வருடம் கவுண்டரில் உட்கார்ந்த நீங்கள்தான் அது சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நிர்வாகத்தின் பக்கமும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்