பன்னிரண்டு ஜல்லிக்கற்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், எங்கள் புளோக்கின் அண்டை வீட்டாருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

என் கணவர் சென்ற வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். கடந்த ஒன்பது வாரங்கள் எங்களுக்கு எப்படிக் கழிந்தன என்பதை உடனிருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. அந்த நாட்களில் எங்கள் ஏழு வயது மகனின் விசுவாசம் வாடிவிடாமல் காத்தவர்களுக்கு, அதிலும் குறிப்பாக ஒருவருக்கு, எல்லார் முன்பாகவும் நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

மூன்றாவது வாரம் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் யோசுவா புத்தகத்தில் நான்காம் அதிகாரம் பாடமாக இருந்தது. அறுப்புக்காலத்தில் கரைபுரண்டு ஓடும் யோர்தான் ஆற்றின் தண்ணீர் இஸ்ரவேல் மக்கள் கடந்துபோகும்படி நின்றுபோக, ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்ததையும், அந்தக் கற்கள் கில்காலில் நாட்டப்பட்டதையும் பிள்ளைகளே செய்து பார்க்கும்படி, ஒவ்வொருவரும் ஒரு கல் கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியை வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தார். மருத்துவமனையில் இருந்தபடி நான் அதைப் படித்தேன். படித்த கையோடு மறந்தும் போனேன். அன்று வெறுங்கையோடு போன என் மகன் வகுப்புக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். கூடத்தில் மேசைகளை விரித்துக்கொண்டிருந்த சகோதரர் ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார்.

அவர் இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கட்டுமான வேலை செய்பவர். ஊழியர் தங்குவிடுதியில் தங்கியிருப்பவர். அடுத்த ஞாயிறு அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மகனிடம் கொடுத்தார். உள்ளே செய்தித்தாளில் பொதிந்த பன்னிரண்டு ஜல்லிக்கற்கள் இருந்தன. மேற்பார்வையாளரிடம் கேட்டு எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முனைகள் பிள்ளையின் கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று வேலை முடிந்த இரவுகளில் ஒவ்வொரு கல்லையும் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கியிருக்கிறார். கருங்கல்லைத் தேய்ப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நான் பிறகு ஒரு கல்லை எடுத்துத் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று அவர் என் மகனிடம் சொன்னதை ஆசிரியை எனக்குச் சொன்னார். “தம்பி, யாராவது உங்களுக்கு உதவி செஞ்சா ஒரு கல்லை எடுத்துச் சாப்பாட்டு மேசையில வைங்க. ராத்திரி அம்மா வந்து இது என்ன கல்லுன்னு கேப்பாங்க. நீங்க சொல்லணும்.”

யோசுவாவின் புத்தகத்தில், இந்தக் கற்கள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் பதில் சொல்வார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் நிலையில் நான் அப்போது இல்லை என்பதை அவர் எப்படி அறிந்தாரோ, நான் கேட்டால் மட்டும் போதும் என்று அதைத் திருப்பி வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபம் அந்தக் கற்களைச் சுற்றித்தான் நடந்தது. பத்து மணிக்கு நான் வந்து சேரும்போது பாதித் தூக்கத்தில் இருப்பவன், கற்களைப் பார்த்து நான் கேட்டவுடன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் காத்திருந்ததற்கு ஒரு கல், அடுத்த வீட்டு மலாய்ப் பாட்டி சோறு கொடுத்ததற்கு ஒரு கல், அப்பாவைக் காணொளியில் காட்டிய தாதிக்கு ஒரு கல் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஜெபிப்பான்.

ஓர் இரவு மேசையில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீரும் அதன் அடியில் ஒரே ஒரு கல்லும் இருந்தன. யோசுவா ஆற்றின் நடுவிலும் பன்னிரண்டு கற்களை நாட்டினார் என்று ஆசிரியை சொல்லியிருந்தாராம்; தண்ணீர் திரும்பியதும் அவை கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும் அல்லவா? “இது அப்பாவுக்கு இரத்தம் கொடுத்தவங்களுக்கு. அவங்க யாருன்னு நமக்குத் தெரியாதே,” என்றான். வேதத்தை முப்பது ஆண்டுகளாக வாசித்துவரும் நான், அந்த இரண்டாவது கற்குவியலை ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

வெட்டுவதும் ஒட்டுவதும் மாவு பிசைவதுமாக ஞாயிறு பள்ளி நேரம் வீணாகிறது, மனப்பாட வசனங்கள் குறைந்துவிட்டன என்று முன்பு ஆசிரியர்களிடம் குறைபட்டுக்கொண்டவள் நான். வசனம் மனத்தில் பதிய வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றின் மீது அந்த வசனம் வந்து அமரும்போது, குழந்தை அதைத் தன் துயரத்துக்குள்ளும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆசிரியர்களே, அன்று நான் பேசியதற்காக என்னை மன்னியுங்கள்.

இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, மற்ற நாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாளாக இருந்தது. நம் சகோதரருக்கும் ஓய்வு அந்த ஒரு நாள்தான். அவருடைய மகள் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு அங்கே வேறு யாரோ பாய் விரிக்க, இவர் இங்கே நம் பிள்ளைகளுக்கு மேசை விரிக்கிறார். அண்ணா, உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

முறை வைத்துச் சமைத்து அனுப்பிய பெண்கள் ஐக்கியத்துக்கும், நள்ளிரவில் கார் ஓட்டி வந்த வாலிபர்களுக்கும், ஒருநாளும் தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பஸ்கா பாடத்தன்று பிள்ளைகள் சுட்ட புளிப்பில்லாத அப்பத்தில் ஒரு துண்டை என் கணவருக்கு அனுப்பி வைத்த ஆசிரியைகளுக்கும் எங்கள் மூவரின் நன்றி.

வருகிற ஜூன் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, இந்த ஞாயிறு முதல், காலை எட்டு மணிக்குக் கூடத்துக்கு வந்து அண்ணனோடு மேசைகளை நானும் விரிப்பேன். என் மகன் நாற்காலிகளை அடுக்குவதாகச் சொல்லியிருக்கிறான்.