கைக்கு முன்னால் கால் பழகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக உரிமம் பெற்ற ஒருவர் நெடுஞ்சாலையில் தடம் மாறப்போய், பக்கத்தில் வந்த வண்டியின் ஹாரன் கேட்டுப் பதறி, ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பி, மயிரிழையில் தப்பிய செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். 'அதிவேகமே காரணம்' என்று முடித்திருந்தீர்கள். ஓட்டுநர் பயிற்சி தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேகம் பாதிக் காரணம்தான். மீதி கண்ணாடியிலும் கையிலும் இருக்கிறது.

பழக வருபவர்களின் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பெரும்பாலும் சொந்த வண்டியின் கதவே அதில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பி, வண்டியின் ஓரம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், பின்கதவை ஒட்டி வரும் வண்டி, அதிலும் இருசக்கர வாகனம், எந்தக் கண்ணாடியிலும் விழாமல் போகலாம். மாறுவதற்கு முன் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். தலையை மட்டும் திருப்புங்கள். தோளும் சேர்ந்து திரும்பினால் கையும் ஸ்டீயரிங்கை இழுத்துவிடும்.

அடுத்தது, மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை. நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், நுழைய நினைக்கும் தடத்தில் ஒருவர் 100-ல் வருகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் 40 கி.மீ., அதாவது நொடிக்கு 11 மீட்டர். 50 மீட்டர் பின்னால் இருப்பவர் ஐந்து நொடிக்குள் உங்கள் பம்பரைத் தொட்டுவிடுவார். நிதானமாகத் தடம் மாறி முடிக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். குவிந்த கண்ணாடியாக இருந்தால் அவர் இன்னும் தள்ளி வருவதுபோல் ஏமாற்றும். ஆகவே இண்டிகேட்டரைப் போட்டு, சொந்தத் தடத்திலேயே வேகத்தைக் கூட்டி, பக்கத்துத் தடத்தின் ஓட்டத்தை நெருங்கிய பிறகு மாறுவதுதான் சரி. இடைவெளி போதவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இனி, அந்த வெடுக்கென்ற திருப்பல். உண்மையில் வண்டியைக் கவிழ்ப்பது இதுதான். 30 கி.மீ.-ல் சாதாரணமாகத் தோன்றும் அதே வளைவை 90-ல் எடுத்தால், பக்கவாட்டு விசை கணக்குப்படி ஒன்பது மடங்கு. டயர் பிடி விடுகிறது, வண்டியின் பின்பகுதி வீசுகிறது, பதற்றத்தில் எதிர்ப்பக்கம் இன்னும் அதிகமாகத் திருப்புகிறார்கள், அது மறுபக்கம் வீசுகிறது. ஹாரன் கேட்டால் செய்ய வேண்டியது, மாறுவதை நிறுத்தி, ஸ்டீயரிங்கை மெல்ல விட்டுக்கொடுத்துப் பழைய தடத்தின் நடுவுக்கு வருவது. முன்னால் திடீரென்று தடை வந்தாலோ, தடத்துக்குள்ளேயே நேராக, முழு பலத்தோடு பிரேக்.

'முழு பலம்' என்றால் என்னவென்று புதியவர்களின் காலுக்குத் தெரியாது. ஏபிஎஸ், அதாவது ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள வண்டியில் பெடல் படபடவென்று உள்ளங்காலை உதைக்கும். அடியில் கரகரவென்று சத்தமும் கேட்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அந்த உதைப்புதான் பிரேக் வேலை செய்வதற்கு அடையாளம்; வண்டி நிற்கும்வரை மிதித்தபடியே இருக்க வேண்டும். விட்டு விட்டு மிதிப்பது ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கான பழைய பாடம்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆளில்லாத திறந்த வெளியில், பக்கத்தில் பயிற்றுநர் இருக்க, 40 கி.மீ.-ல் நான்கைந்து முறை பெடலை ஓங்கி மிதித்துப் பழக்க வேண்டும். கியர் வண்டியானால் கிளட்சையும் சேர்த்து. அரை மணி நேர வேலைதான். பயிற்சிப் பள்ளிகள் இதைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

இன்னொன்று. தப்பித்த கையோடு சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். கை நடுங்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் விரைந்து வரும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பது மோசமான இடம். வண்டிக்குச் சேதமில்லையென்றால் வேகத்தைக் குறைத்து ஓரத் தடத்துக்கு வந்து, அடுத்த வெளியேறும் வழியிலோ ஓய்விடத்திலோ நிறுத்தி, நடுக்கம் அடங்கிய பிறகு கிளம்பட்டும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர்