எஸ் வளைவுக்கு எந்தக் கியர்?

செங்கோட்டை

அன்புள்ள இசக்கி,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பாளையங்கோட்டையிலேயே காலேஜ் சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் ரொம்ப சந்தோஷம். இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. அம்மா இப்போது கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறாள்.

சரி, சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பார்த்த ரோடு பைக்கில் முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 28 பல் வரையுள்ள அடுக்கு என்று எழுதியிருந்தாய். பாளையிலிருந்து அம்பாசமுத்திரம் போக அது அருமையான வண்டி. ஆனால் நீ ஆசைப்படுவது இங்கிருந்து கேரளா போகிற ரோட்டில் உள்ள புளியரை மேடு. அதற்கு அந்தக் கியர் காணாது.

மேட்டில் என்ன வேகம் போகலாம் என்பது உன் தெம்பைப் பொறுத்தது. அந்த வேகத்துக்குக் கால் எத்தனை சுற்று சுற்றும் என்பது கியரைப் பொறுத்தது. அந்த மேட்டின் எஸ் வளைவில் நம் வயசுக்காரர்கள் மணிக்கு 7 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். அப்போது நிமிஷத்துக்கு 45 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும், கொஞ்ச தூரத்திலேயே எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். பின்னால் 34 பல் இருந்தால் 55 சுற்று வரும். உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே ஏறலாம்.

முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள வண்டியைப் பழசு என்று ஒதுக்காதே. 24, 34, 42 என்று இருக்கும், பின்னால் 14 முதல் 28. முன்னால் சின்னதிலும் பின்னால் பெரியதிலும் போட்டால் அதே வேகத்துக்கு 65 சுற்று கிடைக்கும். எடை கூடத்தான். ஆனாலும் மலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த ரோடு பைக்தான் வேண்டும் என்றால் பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கை, அதாவது கேசட்டை, 11-34 ஆக மாற்றித் தரச் சொல். முதலில், பின்பக்கம் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லரைப் பார். அதில் செயினை இழுத்துப் பிடிக்கும் கை, அதாவது கேஜ், குட்டையாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது. முன்னால் 16 பல் வித்தியாசம், பின்னால் 23, ஆக 39. அவ்வளவு செயினை இழுத்துப் பிடிக்க லாங் கேஜ் வேண்டும். செயினும் நீளமாகப் போட வேண்டியிருக்கும். இதையெல்லாம் வாங்கும்போதே பேசிவிட்டால் செலவு குறையும்.

இன்னொன்று, வளைவு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிடு. மேட்டில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் 'கடக்'கென்று பல்லில் மாட்டி நின்றுவிடும், வண்டி அப்படியே சாயும். மிதியை ஒரு சுற்று லேசாக்கினால் போதும், சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும்.

மாஞ்சோலை மலையை இப்போதைக்கு விட்டுவிடு. வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்ட முடியாது. புளியரையில் கேரளா லாரிகள் அதிகம், அதனால் வெளுக்கும்போதே கிளம்பிவிடுவோம். முந்தின நாள் சாயங்காலமே வந்து இங்கே தங்கிக்கொள். மழைக்கு ரோடு வழுக்கும். இறங்கி வரத்தான் பயம், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிக்கொண்டு வா.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்