வரி சரி, வாங்கும் விலை என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரம், மக்களை வாடகைக்குக் குடிவைக்க வரி போட்டு வீடு வாங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதே ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவன் என்பதால் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இரண்டு வெவ்வேறு வரிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார் கட்டுரையாளர். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இங்குள்ள தமிழர்களின் வாட்ஸப் குழுக்களிலும் இதே கதைதான். "நம்ம சம்பளத்துல அஞ்சு பர்சன்ட் பிடிக்கப் போறாங்களாமே!" என்று ஒருவர் போட, அன்று முழுக்க அதே பேச்சு.

யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அந்த வரியைக் கட்ட வேண்டியது நிறுவனம். சம்பளம், போனஸ், பங்கு எல்லாம் சேர்த்து ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால், அதற்கு மேலே போகும் தொகைக்கு மட்டும் 5 சதவீதம். 12 லட்சம் டாலர் வாங்குகிறவர் என்றால் மிஞ்சும் 2 லட்சத்துக்கு 10,000 டாலர், அதுவும் கம்பெனி கணக்கில். குழுவில் பதறியவர்களில் எத்தனை பேர் 12 லட்சம் வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

கம்பெனி மேல் ஏன் போட்டார்கள்? வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் படிநிலை வருமான வரியை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1933-லேயே செல்லாது என்றுவிட்டது. அதிலிருந்து இங்கே பணக்காரர்களிடம் வரி கேட்பவர்கள் சுற்றுவழி தேடுவதே வழக்கம்.

கட்டுரையாளர் இதோடு கலந்துவிட்டது பழைய வரியை. அது சொத்து வரி. 1986-லிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துப் புதுப்பித்து வருகிறார்கள். 2016-ல் 29 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது, 2023-ல் ஏழு ஆண்டுக்கு 97 கோடி. வீட்டின் மதிப்பில் ஒவ்வோர் 1,000 டாலருக்கும் ஏறக்குறைய 45 சென்ட். வீட்டுக்காரர்தான் கட்டுகிறார் என்பார்கள்; வாடகையில் அதை ஏற்றாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்காக வீடு கட்டும், வாங்கும் தொண்டு அமைப்புகள் போன்றவற்றுக்கே இந்தப் பணத்தில் பெரும்பகுதி போகிறது.

புது வரி அப்படி இல்லை. அது 2023 வாக்கெடுப்பில் உருவான சமூகக் குடியிருப்பு அமைப்புக்குப் போகிறது. அந்த அமைப்பே வீடு கட்டும், வாங்கும், சொந்தமாக வைத்துக்கொள்ளும். சுற்றுலா வருபவர்கள் மீனைத் தூக்கி எறிவதைப் படம் பிடிக்கிறார்களே, பைக் பிளேஸ் சந்தை, அதை நிர்வகிப்பதும் சட்டப்படி இதே வகைப் பொது அமைப்புதான். இந்த வீடுகள் ஏழைகளுக்கு மட்டும் என்றில்லை. பகுதியின் இடைநிலை வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 120 சதவீதம் வரை உள்ளவர்கள் குடியேறலாம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆசிரியரும் பஸ் ஓட்டுநரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம் என்பது யோசனை. எனக்குப் பிடித்த யோசனை. எதிர்ப் பிரசாரத்துக்கு அமேசானும் மைக்ரோசாஃப்டும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தும் வரி ஜெயித்தது.

சரி, இப்போது என் ஆட்சேபம். "இனி சியாட்டிலும் வியன்னாதான்" என்று, நகராட்சி வீடுகளுக்குப் பேர்போன ஆஸ்திரியத் தலைநகரோடு ஒப்பிட்டுக் கட்டுரை முடிகிறது. வியன்னாவும் 1923-ல் வீட்டு வரி போட்டது உண்மைதான். நிதிப் பொறுப்பிலிருந்த ஹ்யூகோ பிரைட்னர் பெரிய வீடுகளுக்கு அதிகமாகவும் சின்ன வீடுகளுக்குக் குறைவாகவும் வாங்கினார். 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகள் எழுந்தன. ஆனால் வரி பாதிக் கதைதான். முதல் உலகப் போர்க் காலத்தில் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு நீடித்ததால், வீடு கட்டி வாடகைக்கு விடுவதில் தனியாருக்கு லாபமில்லாமல் போனது. மனை விலை விழுந்தது. விழுந்த விலையில் நகராட்சி நிலத்தை வாங்கிக் குவித்தது.

சியாட்டிலில் அந்த இரண்டாவது பாதி இல்லை. வாடகைக்குக் கடிவாளம் போட நகரத்துக்கு மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. ஆக, சந்தை சொல்லும் விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரும் என்று வரியைக் கொண்டுவந்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு 4 லட்சம் டாலர் என்று வைத்தால் ரொக்கமாக 125 வீடு. கடன் வாங்கி, வாடகையிலும் வரியிலும் தவணை கட்டினால் இன்னும் கூடும். அப்போது வட்டி விகிதமும் நம்மோடு பேரத்துக்கு வந்து உட்காரும்.

அதனால்தான், வாங்கும் நேரம் முக்கியம் என்கிறேன். கோவிட்டில் வாடகை இறங்கியிருந்த 2021-ல், கேபிடல் ஹில் பகுதியில் அப்போதுதான் கட்டி முடித்த அடுக்குமாடிக் கட்டடங்களை நகரத்தின் நிதியைக் கொண்டு வீடற்றோருக்காக வாங்கினார்கள். புதிதாகக் கட்டிக் காத்திருப்பதைவிட அது சீக்கிரமாக முடிந்தது. அப்படி விலை சரியும் நேரத்துக்குக் கையில் பணம் தயாராக இருந்தால் இந்த வரிக்கு அர்த்தம் உண்டு. வரி வந்ததும் செலவழித்தே ஆக வேண்டும் என்று உச்ச விலையில் வாங்கினால் விற்றவருக்குத்தான் லாபம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது எத்தனை வீடு வாங்கினார்கள் என்பதோடு, ஒரு வீடு என்ன விலைக்கு முடிந்தது, பழைய கட்டடத்தில் கூரைக்கும் குழாய்க்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சியாட்டிலிலிருந்து ஒரு வாசகர்